ஒரே சீட்டு, இரண்டு வயிறு

ஜனவரி 14

இன்று அக்காவிடம் சொல்லாதது: நான் எதையும் ஒளித்து வைத்துத் தின்னவில்லை.

வாய் வரைக்கும் வந்தது. அவள் வீட்டுத் தராசின் மேல் நின்றுகொண்டு சொல்லத் தோன்றவில்லை.

அக்கா என்றால் ஏழு நிமிட அக்கா. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நாங்கள். நவம்பரில் இருவரும் தொண்ணூற்றிரண்டு கிலோ. ஒன்பது வாரமாக உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த ஒரே உணவுச் சீட்டு. இன்று அவள் எண்பத்தைந்து, நான் தொண்ணூற்றொன்று.

அவள் இளைப்பது அவளுடைய சர்க்கரைக்காக. நான் இளைக்க வேண்டியது அப்பாவுக்காக. அந்தச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் கொடுக்க அவளைச் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு ரத்த வகை பொருந்தவில்லை. மிச்சம் நான். எண்பத்திரண்டுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள்.

"பயமா இருந்தா நேரா சொல்லிடு டி," என்றாள். "தின்னுட்டு தின்னுட்டு வந்து தராசுல நிக்காத. அங்க அப்பா நாளை எண்ணிட்டு இருக்காரு."

பயம் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மற்றதை யார் நம்புவார்கள்?

ஜனவரி 15

அம்மா என் கைப்பையைத் துழாவியிருக்கிறாள். உள்ளே இருந்தவை: சீப்பு, சிவப்புப் பேனா, நான் மெய்ப்புப் பார்க்க வேண்டிய ஏழாம் வகுப்பு அறிவியல் பக்கங்கள். பேனாவின் மூடியைத் தவிர நான் எதையும் கடித்ததற்குத் தடயம் இல்லை.

ஜனவரி 19

அக்கா தன் மகளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டாள். பதினைந்து நாள் இருப்பாளாம். "அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு," என்கிறாள், என் தட்டைப் பார்த்துக்கொண்டே. காவல் போட்டாயிற்று.

ஜனவரி 23

அச்சகத்துக்கு மதியச் சாப்பாட்டை அவளே கட்டித் தருகிறாள். ஒரு மணிக்கு வீடியோ அழைப்பு. "டப்பாவ காட்டு." காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "யாரும்மா, மாமியாரா?"

வீட்டுக்கு வந்தால் இரண்டு வயது வாண்டும் இடுப்பில் கைவைத்து நிற்கிறது. "சித்தி, டப்பா காட்டு."

பிப்ரவரி 2

அவள் 83.6. நான் 91.2. கூடியிருக்கிறது.

தராசின் பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். மறுபடி ஏறச் சொன்னாள். அதே எண். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கூடவே இருந்தேனே டி. நீ ஒரு வாய் கூட அதிகமா எடுக்கலயே." யார்மேல் கோபம் என்று தெரியாமல் அழுதாள். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டேன்."

நானும் அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

பிப்ரவரி 5

உணவு ஆலோசகரிடம் அக்காவும் வந்தாள். உட்காருவதற்குள், "இவ தின்னல மேடம். நான் சாட்சி." ஏதோ வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி.

அவர் எங்கள் இரண்டு கோப்புகளையும் விரித்தார். நவம்பரில் அக்காவின் பரிசோதனைகளை மட்டும் பார்த்து ஒரு சீட்டு எழுதி, எனக்கு அதையே நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாங்களும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் இரண்டாக வாங்கிப் பழகியவர்கள்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சுன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

மரபணு ஒன்றுதான் என்றார். சுலபமாக எடை போடும் உடல்வாகு இருவருக்கும் அதிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இரட்டையருக்குள்ளேயே வேறுபடும். ஒரே சாப்பாட்டை இரண்டு உடல்கள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒன்பது வயதில் எலும்பில் சீழ் பிடித்து நான் மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தேன், அத்தனை நாளும் கிருமிக்கொல்லி மருந்து; அது குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகளையும் அழித்துவிடுமாம். அப்போது அக்கா பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ச்சி நடக்கிற விஷயம். ஆனா அவங்க சீட்டு உங்களுக்கு வேலை செய்யலன்னா, அது உங்க குத்தம் இல்ல."

குத்தம் இல்லை. இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேனா?

பிப்ரவரி 6

அச்சகத்தில் ஒரே தகட்டில் அடித்த இரண்டு பக்கங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் வேறு, மை ஊறியிருக்கும் விதமும் வேறு. யாரும் தாளைத் திட்டவில்லை. இயந்திரக்காரர் மையைக் குறைத்தார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

மலப் பரிசோதனை டப்பாவோடு பேருந்தில். உட்கார்ந்திருந்த அம்மாள், "பைய குடு கண்ணு, மடியில வெச்சுக்கறேன்," என்றார். "பரவால்லங்க," என்று மார்போடு அணைத்துக்கொண்டேன். நகை என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரி 26

முடிவு வந்தது: என்னிடம் நுண்ணுயிரி வகைகள் குறைவு. புதுச் சீட்டு, எனக்கென்று எழுதியது. பயறும் நார்ச்சத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தூக்கத்தைச் சீராக்கி, தினம் பளு தூக்கி. "மெதுவாத்தான் எறங்கும். இதுவும் சரிவரலன்னா மாத்தி எழுதுவோம்," என்றார் ஆலோசகர். எழுதுவோம் — அந்தப் பன்மை பிடித்திருந்தது.

மார்ச் 3

டயாலிசிஸ் படுக்கை அருகே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு பயமா இருக்குப்பா. ஆனா குடுக்கணும்."

கண்ணை மூடியபடியே, "பயமே இல்லாதவங்ககிட்ட வாங்கிக்கத்தான் எனக்கு பயம்," என்றார். பிறகு, "அவசரப்படாத. இந்த மெஷின் எங்கயும் ஓடிடாது. நானும்."

மார்ச் 30

88.4.

மே 18

84.9. அக்கா மூன்று வாரமாக எண்பதிலேயே நிற்கிறாள், அசையவில்லை. "இப்ப நீ வந்து என் தட்டுக்கு காவல் இரு டி," என்கிறாள்.

ஜூன் 27

81.7.

நான் இறங்குவதற்குள் அக்கா தராசைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள், என் கால்விரல்களோடு.

ஆகஸ்ட் 6

தையல் இழுக்கிறது, அதிகம் எழுத முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். என் இடது சிறுநீரகம் அப்பாவிடம் வேலை செய்கிறது. இன்று அவருக்கு வழக்கமாக டயாலிசிஸ் நாள். போகவில்லை.