மார்கரெட் அம்மாவின் மலை

பாபடோயிட்டோய், நியூசிலாந்து,
பெப்ரவரி 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? மூன்று வருடமாகத் தகவல் இல்லாத தம்பிக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி மார்கரெட்டின் மகன் நீல், பாறைகளை ஆராய அந்தாட்டிக்காவுக்குப் போனவன். டிசம்பரில் ஒரு மலையுச்சியில் பனிப்புயலில் காணாமற்போனான். தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவன் முன்பு அனுப்பிய அந்த மலையின் படம் கூடத்தில் இருக்கிறது. சுற்றிலும் பனி, நடுவில் கறுத்த பாறை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, செத்தவர்களுக்குச் செய்யும் நம் வழக்கப்படி அந்தப் படத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தினேன். மார்கரெட் வந்து ஊதி அணைத்தார்.

"அவன் செத்ததை நீ பார்த்தாயா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"கல்லுக்குத் திரி கொளுத்தின முதல் யாழ்ப்பாணத்தான் நீதான் மச்சான்" என்று அறைத்தோழன் சிறில் இன்னும் சிரிக்கிறான்.

கொஞ்சம் கறித்தூள் அனுப்புங்கள். அதோடு தம்பியின் படம் ஒன்றும் வையுங்கள். அதன் முன் திரி கொளுத்த மாட்டேன். பூசையும் வேண்டாம், அம்மா.

வேலைக்குக் கூட்டிப்போகும் வான் வண்டி வந்துவிட்டது.

மகன்
ஜெறோம்