இரண்டு அடுப்புக் கோழி

கறிக்கடைக்காரர் இன்று முழுக்கோழியை வெட்டாமல் தந்து, ஈரலைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். தீபாவளிக்கு முழுக்கோழி கேட்டதற்கு, வீட்டில் விருந்தாளிகளா என்று விசாரணை வேறு. வீட்டுக்கு வந்து அம்மியில் சோம்பையும் கல்பாசியையும் தட்டியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது, ஆச்சி.

என் கணவருடைய அண்ணன் மனைவி நீங்கள். ஒரே வீடுதான். ஆனால் கல்யாணமானதும் மகன்களுக்குத் தனித்தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் அடுப்படி, இந்தப் பக்கம் என்னுடையது. நம் கணவர்மார் இருவரும் பினாங்கில். அவரவர் அடுப்பில் ஆக்கி அவரவர் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், ஒருத்திக்கு மட்டும் எப்படி உலை வைப்பது என்று சொல்லித் தரவில்லை.

அறுபதுகளில், அவர் கப்பலேறிய பின் வந்த முதல் தீபாவளி. மாமியார் எங்கள் இருவருக்கும் அடுப்புக்கு ஒன்றாகக் கோழி வாங்கிக் கொடுத்திருந்தார். நான் என் கோழியைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு அழுதேன். பேருக்குத்தான் விருந்து, சாப்பிட நான் ஒருத்தி. நீங்கள் நிலைப்படியில் நின்று பார்த்தீர்கள்.

“கோழிய வெட்டிப்புடாதே. ஈரல இங்குட்டுக் குடு. பூரணம் நான் கொண்டாரேன்” என்றீர்கள். கொழுக்கட்டைக்குச் சொல்வதை நீங்கள் கோழிக்கும் சொல்வீர்கள்.

கொத்திய ஈரல், சின்ன வெங்காயம், முந்திரி, அவித்த முட்டை எல்லாம் போட்டு உங்கள் அடுப்பில் வதக்கி, முற்றத்தின் நடுவில் என் கையில் கொடுத்தீர்கள். நான் அதைக் கோழிக்குள் அடைத்து, வயிற்றை நூலால் தைத்து, என் சட்டியில் நெய் விட்டு, மூடியின் மேல் தணல் போட்டு வாட்டினேன். உங்கள் கோழி அன்றைக்குக் கூடைக்கடியில் உயிர் தப்பியது.

மாமியார் வந்து பார்த்துவிட்டு, இரண்டு அடுப்பும் ஒன்றாகிவிட்டதா என்று கேட்டார். நீங்கள் அசரவில்லை.

“ஒண்ணாகலையே அயித்தை. கோழி அவ அடுப்புல வெந்துச்சு, பூரணம் என் அடுப்புல வதங்குச்சு. தனித்தனியாத்தான் சாப்பிடணும்னா, எப்புடிப் பிரிக்கிறதுன்னு காட்டுறீகளா?”

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தனக்கும் ஒரு கோழிக்காலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எழுபதுகள் முழுக்கத் தீபாவளி நமக்கு அப்படித்தான். அந்த வருஷங்களில் தனிமை என்னைத் தின்றுவிடாமல் காத்தது நீங்கள்தான். இதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் தீபாவளி. மகள் சென்னைக்குக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. இப்போது கேட்பார் யாருமில்லை, எல்லாவற்றையும் என் அடுப்பிலேயே செய்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. உங்கள் அடுப்படியைத் திறந்து, ஒட்டடை அடித்து, அங்கேதான் பூரணத்தை வதக்கினேன். உங்கள் கைப்பக்குவம் வரவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றேன். எதிரே வந்து வாங்கிக்கொள்ள வேண்டியவளும் நான்தான் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது.