இரவல் சட்டையும் ஒரு பென்சில் புள்ளியும்

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பஸ் பிடித்து வேலைக்குப் போய் வருகிறேன். இன்னும் அழவில்லை. கேட்டால் நீங்கள் "நல்லதுதானே பாப்பா" என்றுதான் சொல்வீர்கள். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் இஸ்திரி வண்டி இன்னும் அம்மா மண்டபம் ரோட்டில், அந்த அடுக்குமாடி வாசலிலேயேதான் நிற்கிறது. அசோசியேஷன்காரர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்களாம். வாட்ச்மேன் அண்ணன்தான், "நிதானமா எடுங்கம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்றார். பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பங்கரை மூலையில் வைத்திருக்கிறேன். எங்கள் ஸ்கூல் டீச்சர் ஒருவர் இதே மாதிரி ஒரு கரிப்பெட்டியை ஆன்லைனில் வாங்கி, பளபளவென்று துடைத்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்திருக்கிறார். போட்டோ காட்டினார். "நல்லா இருக்கு மிஸ்" என்றேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருப்பார்.

ஸ்கூலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "ஆபீஸ் வேலைப்பா" என்று முடித்துவிடுவேன். இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு அட்மிஷன் வேலை. எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பெற்றோரைக் குழந்தையோடு வரச் சொல்வோம். குழந்தையிடம் கலர் கேட்பது, பழம் கேட்பது எல்லாம் சும்மா. பார்ப்பது அம்மா அப்பாவைத்தான். அவர்கள் கேட்டுக்குள் நுழைந்து பிரின்சிபால் அறைக்கு வருவதற்குள் நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எதில் வந்தார்கள், காலில் என்ன போட்டிருக்கிறார்கள், பேசும்போது கையைக் கட்டிக்கொள்கிறார்களா. இவர்கள் நமக்குச் சரிப்பட மாட்டார்கள் என்று தோன்றினால், விண்ணப்பத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

அப்படி வை என்று யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அம்மா காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நானும் வைத்துக்கொண்டு வருகிறேன். புள்ளி விழுந்த தாள் கட்டுக்கு அடியில் போய்விடும். பென்சில் எதற்கு என்றால், வேண்டுமானால் அழித்துவிடலாம் என்பதற்காக. நான் இதுவரை ஒன்றைக்கூட அழித்ததில்லை.

உங்கள் காரியம் முடிவதற்கு முன்பே, பதினோராம் நாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். சேர்க்கை நேரம் என்று பிரின்சிபால் மேடம் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். வீட்டில் உட்கார்ந்து நான் மட்டும் என்ன செய்யப் போகிறேன்? அன்றைக்குத்தான் அவர்கள் வந்தார்கள். உறையூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும், யாழினி என்று ஒரு பெண் குழந்தையும். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'டிரான்ஸ்போர்ட்' என்று எழுதியிருந்தார்கள்.

அவர் வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தார். விலை உயர்ந்த துணி, கையில் கத்தி மாதிரி மடிப்பு. மேடத்துக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

"டிரான்ஸ்போர்ட்ல என்னவா இருக்கீங்க சார்?"

"சொந்தமா வண்டி வச்சிருக்கேங்க மேடம்."

அந்த அம்மா குறுக்கே, "பாப்பா நல்லா பாடுங்க மேடம். பாடச் சொல்லட்டுங்களா?" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே, இன்னொரு நாள் பாடட்டும் என்றார்.

நான் பக்கத்து மேசையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை. நுனியிலேயே, நிமிர்ந்தபடி இருந்தார். பயந்த சுபாவம் என்று மேடம் நினைத்திருப்பார். அது பயம் இல்லை அப்பா. சட்டையின் முதுகில் சுருக்கம் விழக்கூடாது. அவ்வளவுதான். குழந்தை கீழே போட்ட கிரேயானை எடுக்க அவர் குனிந்தபோது, காலரின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு ஃபிளாட் நம்பர் தெரிந்தது. அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, பெட்டியின் ஓரம் பட்ட பழுப்பு வடு. உங்கள் கையில் அதே இடத்தில் மூன்று இருந்தன.

தேய்க்க வந்த துணியிலிருந்து யாரோ ஒருவருடைய சட்டையை எடுத்துப் புருஷனுக்குப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார். அந்த அறையில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

அவர்கள் போனதும் மேடம் கேட்டார். "டீசன்ட்டான ஃபேமிலி, இல்ல?"

"பார்க்கலாம் மேடம்" என்றேன். கை அதுபாட்டுக்குப் பென்சிலை எடுத்து மூலையில் புள்ளியை வைத்தது.

ஏன் வைத்தேன்? அவர் பொய் சொன்னார் என்பதாலா? அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. அந்தக் குழந்தை உள்ளே வந்தால், அவர்களோடு சேர்த்து என்னையும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றா? அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நீங்கள் போன கதையை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிச் சிரிப்பீர்கள். உத்தர வீதி பேங்க் மேனேஜர் சாரின் க்ரீம் கலர் சட்டையை ஒரு அரை நாளுக்குப் போட்டுக்கொண்டீர்கள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும், என்னை மட்டும் உட்காரவைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கசங்காமல் நின்றுகொண்டே வந்தீர்கள். என்ன தொழில் என்று கேட்டதற்கு 'துணி வியாபாரம்' என்று சொன்னீர்கள். அன்று மாலையே சட்டையைத் துவைத்துத் தேய்த்து, மறுநாள் மற்ற துணிகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். "எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது பாப்பா. அவங்க கேட்டதுக்கெல்லாம் சட்டைதான் பதில் சொல்லுச்சு" என்பீர்கள். அந்த ஸ்கூலில் படித்ததால்தான் இந்த வேலை. நான் வேலைக்கு எழுதிக் கொடுத்த தாளிலும் உங்கள் தொழில் துணி வியாபாரம்தான்.

பதினாறாம் நாள் உங்கள் காரியத்துக்கு மேனேஜர் சார் வந்திருந்தார். நடக்க முடியவில்லை, ஆட்டோவில் வந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சுகர் இருக்கிறது, காபி வேண்டாம் என்றார். உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு நாள் உங்கப்பாவைச் சத்திரத்துல பார்த்தேன்மா. என்னோட க்ரீம் சட்டையைப் போட்டுண்டு, உன் கையைப் பிடிச்சுண்டு நின்னுண்டிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் கையில ஸ்கூல் ஃபாரத்தைப் பார்த்தேன். புரிஞ்சுடுத்து. ஒரு வார்த்தை கேட்கலை. ஆத்துலகூடச் சொல்லலை."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என்று சொன்னதுகூட உறைக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், அதில் கெட்ட எண்ணம் கிடையாது. கிளம்பும்போது வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா அதுக்கப்புறம் அந்தச் சட்டையை நான் போட்டுக்கவே இல்லை. என்னமோ மனசு வரலை. பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கறவகிட்டப் போட்டாச்சு."

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த புதிதில், சார் வீட்டு மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் நீங்கள் ஒவ்வொரு சட்டையாகத் தள்ளித் தள்ளித் தேடுவீர்கள். "அந்த க்ரீம் சட்டை வரவே மாட்டேங்குது பாப்பா" என்றீர்கள். "சாருக்குச் சின்னதாயிருக்கும்பா" என்றேன். நீங்கள் பெட்டிக் கரியை ஊதிக்கொண்டிருந்தீர்கள். வரும் வரும் என்று எத்தனை வாரம் தேடினீர்கள்?

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையில் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுத் துணியைத் தேய்த்தீர்கள். தெருவில் பார்த்தால் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு "வணக்கங்க சார்" என்பீர்கள். எப்படி முடிந்தது உங்களால்?

சாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்களுக்கு அந்த வீதியே இல்லாமல் போயிருக்கும், எனக்கு ஸ்கூலும். அவர் அருவருப்பு ஒரு சட்டையோடு போய்விட்டது. நான் ஒரு குழந்தையை அடிக்கட்டில் போட்டேன். இதில் அவர் யார், நான் யார்? அவர் சொல்லிவிட்டுப் போன பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சேர்க்கைப் பட்டியலை டைப் செய்தது நான்தான். அழிரப்பர் மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே இருந்த தாள்களை வரிசையாக டைப் செய்து முடித்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டினோம். யாழினியின் அப்பா தன் ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார், பிறகு கீழிருந்து மேலே. அப்புறம் என் ஜன்னலுக்கு வந்தார். உடம்பில் அவருடைய காக்கிச் சட்டை. ஜன்னல் கட்டையில் தாராளமாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"மிஸ், யாழினின்னு... வேற லிஸ்ட் ஏதாச்சும் ஒட்டுவீங்களா?"

"இல்லைங்க."

"சரிங்க மிஸ். போயிட்டு வரேங்க."

என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போகும் வரைக்கும் ஜன்னலிலேயே நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து பென்சிலை டிராயருக்குள் போட்டு மூடினேன். நீங்கள் போனதிலிருந்து நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வருஷா வருஷம் இரண்டு மூன்று குடும்பம் டிரான்ஸ்ஃபர், அது இது என்று வராமல் போய்விடும். அந்த இடத்துக்கு யாரை எடுப்பது என்று மேடம் என்னைத்தான் கேட்பார். நாளைக் காலை, அவர் கேட்பதற்கு முன்பே, அடிக்கட்டிலிருந்து யாழினியின் தாளை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். புள்ளியை அழிக்கப் போவதில்லை. இப்போது சத்தமில்லாமல் அழித்தால், வைத்தது யார் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தப் புள்ளியோடேயே மேசையில் வைத்து, இது நான் வைத்தது, அந்தச் சட்டைக்காக வைத்தது என்று சொல்லப் போகிறேன்.

சீட் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு அந்த நாற்காலி எனக்கு இருக்குமா என்பதும் தெரியாது. சட்டை இரவல் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று மேடம் கட்டாயம் கேட்பார். அதற்கு மட்டும் பதில் தயாராக இருக்கிறது. என் ஃபைலை வாங்கி, துணி வியாபாரம் என்று இருப்பதை அடித்துவிட்டு, இங்க் பேனாவால் திருத்தி எழுதிக் கொடுப்பேன். இந்த ஒரு தடவை சட்டை வேண்டாம் அப்பா, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
இஸ்திரி வண்டி சின்னையன் மகள்,
உங்கள் பாப்பா