திருப்பி ஒட்டிய கவர்

பாய்,

ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் பியூன் இன்று காலை பின்கட்டில் மைதாப் பசை காய்ச்சினார். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடவேண்டிய இடத்தில் ஒரு பிடி போட்டுவிட்டார். நெடி வராந்தா தாண்டி என் டைப்ரைட்டர் வரை வந்தது. எழுந்துபோய், "இவ்வளவு போட்டா கவரெல்லாம் பச்சை பிடிச்சுப் போகும்" என்று கத்தினேன். மனிதர் பயந்துபோய்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். அப்புறம்தான் உறைத்தது, அது நீங்கள் பழைய பியூனைத் திட்டும் வார்த்தை. சீட்டில் வந்து உட்கார்ந்தும் வெகுநேரம் எனக்கு டைப் அடிக்க வரவில்லை.

எட்டு வருஷம் நம் மேஜைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. டெண்டர் கவர்களை வாங்கி வைப்பது உங்கள் வேலை, டைப் அடிப்பது என்னுடையது. அரிசிக் கிடங்குகளுக்கு வேண்டிய சாமான்கள் வாங்குகிற மத்திய அரசு ஆபீஸ் நம்முடையது. வந்த கவர்களைத் தூர எறியாமல், தண்ணீர் தொட்டு மடிப்பைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, மறுபடி உபயோகிக்க வேண்டும் என்று டெல்லியிலிருந்து ஒரு சிக்கனச் சுற்றறிக்கை வந்திருந்தது. மற்றவர்கள் அதைப் படித்த கையோடு மறந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு வந்து, கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மடிப்பு பிசகாமல் கவர் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். "பாய், உங்களுக்குச் சம்பளம் கவர் ஒட்டவா குடுக்கறா?" என்று கேட்பேன். "எதுக்குக் குடுத்தாலும் வாங்கிக்குவேன் தங்கச்சி" என்பீர்கள். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

அந்தத் தார்ப்பாய் டெண்டர் நாளை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! கிடங்கில் இடமில்லாமல் வெளியே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை மூடத் தார்ப்பாய் வேண்டும். மூன்று மணிக்குக் கெடு. இரண்டு கவர்கள்தான் வந்திருந்தன. வந்தவர்கள் எதிரிலேயே பிரித்து, விலையைச் சத்தமாகப் படித்தாயிற்று. காந்தி மார்க்கெட் வியாபாரியுடைய விலைதான் குறைச்சல். அவர் சிரித்த முகமாக எழுந்து போனார். நாலு பத்துக்கு நம் பெரிய அதிகாரியின் டிரைவர் மூன்றாவது கவரைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்தார். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். சிவப்புப் பென்சிலை எடுத்துக் கவரின் மேல் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். தாமதமாக வரும் கவரை அப்படித்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அதிகாரி உங்களைக் கூப்பிட்டு, "உள்ளே இருக்கற காகிதம் போதும். கவரைக் கிழிச்சுப் போடும்" என்றார். மூன்றாவது விலை மார்க்கெட்காரருடையதைவிடக் கொஞ்சமே குறைவு. மற்ற இரண்டையும் கேட்டுவிட்டு எழுதினால் யாருக்கும் அப்படித்தான் எழுத வரும். ஒப்பீட்டுத் தாளை நான் அடித்தேன். கடைசி வரி, மூன்று கவர்களும் மூன்று மணிக்குள் பெறப்பட்டன. அதன் கீழே அதிகாரியோடு இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் முடியாது என்றீர்கள். அதிகாரி உங்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேஜையிலதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் போட்டேன்.

டெம்பரரியாக ஐந்து வருஷம் ஓட்டியிருந்தேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய், கோயில் கைங்கரியமும் நின்றுபோய்ப் படுக்கையில் கிடந்தார். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். தினமும் சாயங்காலம் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குள் காலை வைத்ததும், "உத்தியோகம் ஸ்திரமாயிடுத்தாம்மா? பெருமாள் கண் திறந்தாரா?" என்று குழறலாகக் கேட்பார். இதையெல்லாம் நான் உங்களிடம் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் அந்த மூன்றாவது கம்பெனி கொடுத்த தார்ப்பாய் பல்லிளித்தது. தையல் விட்டு, தண்ணீர் மூட்டைக்குள் இறங்கி, அரிசி கறுத்துப் புளித்துக் கிடந்ததை நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். ரேஷனுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குப் போகவேண்டிய அரிசி. நீங்கள் ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டீர்கள். மார்க்கெட் வியாபாரி டெல்லிக்கு மனுப் போட்டார். "தோத்தவன் புலம்பறான்" என்றார் அதிகாரி. ஆனால் தணிக்கைக்காரர்கள் எழுதினார்கள், கடைசியில் பாராளுமன்றக் குழு கேள்வி கேட்டது. குழுவின் உறுப்பினர்கள் சிலர் திருச்சிக்கே வரப்போவதாகத் தந்தி வந்த அன்று, நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன். உங்கள் மேஜைக்கு வந்து, "பாய், அந்தக் கவர் இன்னும் இருந்தா கொளுத்திடுங்கோ" என்று கெஞ்சினேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "கிழிக்கச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. திருப்பி ஒட்டி வச்சிருக்கேன்" என்றீர்கள். பிறகு, "அந்த அரிசியைப் பாத்தீங்கள்ல? உங்க பேரு இதுல வராது தங்கச்சி, பயப்படாதீங்க" என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது. உங்கள் மேல் ஆத்திரமும் வந்தது. நீங்கள் நேர்மையாக இருப்பதற்கு என் வேலைதானா கிடைத்தது என்று நினைத்தேன்.

பயணியர் மாளிகையில் நீள மேஜை. ஒரு பக்கம் உறுப்பினர்கள் ஐந்து பேர், எதிரே நம் அதிகாரி, சுவரோரம் நாம் இருவரும். டெண்டர் நகல்களைக் கேட்டார்கள். நீங்கள் தடிமனான பழுப்புக் கவர் ஒன்றில் போட்டுக் கொடுத்தீர்கள். அன்று காலை, திருப்பி ஒட்டிய கவர்களின் கட்டை எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த ஒன்றை நீங்கள் பொறுக்கியதை நான் பார்த்திருந்தேன். உறுப்பினர்களில் ஒருவர் தமிழர், கதர்ச்சட்டைக்காரர். நகல்களை உருவிய பிறகும் கவரை அவர் கீழே வைக்கவில்லை. கவரின் வாயை அகல விரித்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்தார். மடிப்பைக் கத்தியால் பிரித்து மேஜையில் பரப்பினார். உள்ளே கம்பெனியின் பெயர், டெண்டர் எண், சிவப்புப் பென்சிலில் நாலு பத்து.

"இது யார் எழுத்து?" என்று கேட்டார்.

"என்னுதுங்க."

"இதை ஏன் திருப்பி ஒட்டினீர்?"

"காகிதத்தை வீணாக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்குங்க."

ஓர் உறுப்பினர் சிரித்துவிட்டார். நம் அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், ஒரு நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டார். இந்த நேரத்தை இவர் பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே, வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். கதர்ச்சட்டைக்காரர் ஒப்பீட்டுத் தாளில் விரலை வைத்து, "இந்தக் கையெழுத்து?" என்றார். நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

"அது டைப் அடிச்சதைச் சரிபார்த்துப் போட்டதுங்க. கவர் வந்தப்ப அவங்க சீட்டுல இல்ல. அப்பாவுக்கு உடம்பு முடியலேன்னு பர்மிஷன்ல போயிட்டாங்க."

கதர்ச்சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்படியா அம்மா?"

பாய், உங்களுக்குச் சாட்சி சொல்ல அந்த அறையில் என்னைத் தவிர ஒருவர் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் என்னைக் காப்பாற்றினீர்கள். நான் தலையாட்டினேன்.

குழுவின் அறிக்கை நம் ஆபீசை விடவில்லை. ஒப்பந்தம் முறையற்றது, பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிர்ணயித்தார்கள். அதிகாரியைப் பெரிய ஊருக்கு மாற்றினார்கள். நேரக் குறிப்புக்கு வேறு சாட்சி இல்லை, தாமதக் கவரை ஒதுக்காமல் விட்டதும் ஆவணத்தைப் பிரித்து ஒட்டியதும் குற்றம் என்று உங்களைப் பதவி இறக்கி, மணப்பாறைக் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டார்கள். இருபது வருஷ சர்வீஸ்! அடுத்த மாசம் எனக்குக் கன்ஃபர்மேஷன் உத்தரவு வந்தது. அப்பா படுத்தபடியே கை கூப்பினார். நீங்கள் சொல்லிக்கொள்ள வந்தபோது, "டிபன் பாக்ஸ்ல மணப்பாறை முறுக்கு அனுப்புறேன் தங்கச்சி" என்றீர்கள். அனுப்பவும் செய்தீர்கள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

போன வாரம், நீங்கள் காலமான நாற்பதாம் நாள் ஓதிய ஃபாத்திஹாவுக்கு வந்தேன். உங்கள் மனைவி பிற ஆண்கள் முன் வராமல் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்ததால் ஆண்கள் முன் அறையோடு நின்றார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். என் பெயரைச் சொன்னதும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் ஸ்ரீரங்கத்துத் தங்கச்சியா? அவுக உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்லங்க. டெல்லிக்காரங்க முன்னாடி எல்லாரும் பயந்து உக்காந்திருந்தப்ப, அந்தப் பொண்ணு ஒருத்திதான் எந்திரிச்சு உண்மையைச் சொல்லுச்சு, நம்ம நேரம், யாரும் காதுல வாங்கலன்னு சொல்லுவாக. அத நெனச்சுத்தான் மணப்பாறையில அத்தன வருஷம் மனசு விடாம இருந்தாக."

உங்கள் மகளைக் கூப்பிட்டு, "இவங்கதாம்மா அவங்க" என்று காட்டினார். அந்தப் பெண் எனக்கு மரியாதையாக எழுந்து நின்றாள். டீ கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். உங்கள் அப்பா தங்கமான மனுஷர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழுவின் முன் தலையாட்டியதற்காவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது என்ன வந்தது எனக்கு? அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. தங்கைகள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். என் வேலையை இனி யாரும் அசைக்க முடியாது. ஆனாலும் வாய் வரவில்லை. நீங்கள் எனக்காகச் சொன்ன பொய் ஒன்றல்ல, இரண்டு என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டையும் நானே சுமக்கிறேன்.

உங்களுக்கு எழுதுவது சுலபம், பாய். படித்துவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. இதை நான் எழுத வேண்டியது உங்கள் மனைவிக்கு. அவருக்கு எழுதலாம் என்றுதான் இன்று சாயங்காலம் பேனாவை எடுத்தேன்.