6.05-க்கும் 6.17-க்கும் நடுவே

பிப்ரவரி 5, வியாழன்

கூட்டேரிப்பட்டு விபத்துக்காக 108-க்கு அழைப்பு வந்தது திங்கள் காலை 6.27. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பதிவைக் காட்டினார், பார்த்தேன். பைக்கில் பால் கேனோடு போன செல்வகுமார் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு.

உறுதியாகாதது ஒன்றுதான். இடித்த தனியார் பஸ் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியது எப்போது? பேப்பரில் வந்த என் செய்தியில் 6.05. வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் பஸ் நிலைய டைம் கீப்பர் கலையரசியின் நோட்டில் 6.17. திண்டிவனத்திலிருந்து விபத்து நடந்த இடம் பதிமூன்று கிலோமீட்டர். இருபத்திரண்டு நிமிடம் என்றால் ஒழுங்கான ஓட்டம். பத்து நிமிடம் என்றால், ஆள் ஏற்றி இறக்கிப் போகிற வண்டிக்கு அது என்ன ஓட்டம்?

பிப்ரவரி 6

கலையரசியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்த வேலை, அவர்களே நிறுத்தலாம். விபத்துக்குப் பிறகு நேரத்தை மாற்றி எழுதினார் என்பது போலீஸில் அவர்கள் கொடுத்த புகார். ஆதாரம், என் செய்தியின் நறுக்கு.

அந்த பஸ்ஸின் மேனேஜர் கோகுலகிருஷ்ணன் ஃபோனில் நன்றி சொன்னார். "நீங்க எழுதுனது போதும் சார். அந்தம்மா ஞாயித்துக்கெழம ஆனா நாலு பேர உக்கார வெச்சிக்கினு புத்தர் சொன்னாருன்னு, போன நேரம் இல்ல, வர்ற நேரம் இல்லன்னு பேசுது. அத்தப் போய் நேரம் எழுத வெச்சா வேற இன்னா வரும்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் என் செய்தியை எடுத்துப் படித்தேன். 6.05 என்று எனக்கு யார் சொன்னது? யாருமே இல்லை. பஸ் நிலையப் பலகையில் இருக்கும் நேரம் அது. ஊரே அதை ஆறு அஞ்சு வண்டி என்றுதான் சொல்கிறது. விபத்து நடந்த இடத்தில் நின்றபடி, ஃபோனில், 'காலை 6.05 மணிக்குப் புறப்பட்ட' என்று அடித்து அனுப்பினேன். முப்பத்து நான்கு வருட நிருபர் அனுபவம் — ஒருவரைக் கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பெருமுக்கல் சாலையில் கலையரசி வீடு. ஐந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவதாக நான். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், ஃபேன் பக்கம் உக்காருங்க" என்றார். அவ்வளவுதான்.

பழைய பௌத்தர்களுக்குள் ஒரு வழக்கு இருந்ததாம். போனதும் வரப்போவதும் ஏதோ ஒரு வகையில் இருக்கின்றன என்று ஒரு தரப்பு. இந்தக் கணம் மட்டுமே உண்டு, அதுவும் தோன்றியதும் அழிகிறது என்று இன்னொரு தரப்பு. கலையரசி இரண்டாவது கட்சி.

"நேத்து ஆறு அஞ்சும் இன்னிக்கு ஆறு அஞ்சும் ஒரே வண்டியா? டிரைவர் வேற, கண்டக்டர் வேற. போன வாரம் வண்டியே வேற. பேர் மட்டும் ஓடிக்கினு இருக்குது. நம்மளும் அப்டித்தான்."

புனிதா என்ற நர்ஸ் விடவில்லை. "அப்ப செல்வகுமார இடிச்சவன் வேற, இன்னிக்கு இருக்கிற டிரைவர் வேற. கேஸ விட்றலாமாக்கா?"

எல்லோரோடும் கலையரசியும் சிரித்தார். "எப்டி விடறது? நேத்து புடிச்ச பிரேக்கு இன்னிக்கு டயர்ல தேய்மானமா நிக்கிது இல்ல? வேற ஆளுதான். ஆனா அவன் செஞ்சதுலேந்து வந்த ஆளு."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குத்தான் பட்டது.

மற்றவர்கள் போனதும் நோட்டைப் பற்றிக் கேட்டேன். நோட்டு போலீஸில். பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஜனவரியில் மட்டும் பதினொரு கட்டம் காலி. ஏன்?

"டீ குடிக்கப் போயிருப்பேன். சக்கரம் ஸ்டாண்டு வாசல் கோட்டத் தாண்டறத பாக்கல."

"பக்கத்தில் கேட்டு எழுதியிருக்கலாமே."

"அவங்க பாத்தது அவங்களுது சார். நான் பாக்காத நிமிஷத்துக்கு நான் எப்டி கையெழுத்து போடறது?"

காலிக் கட்டங்களைக் காட்டித்தான் பொறுப்பில்லாதவர் என்கிறார்கள். நேரத்தை இட்டுக்கட்டுகிறவர் முதலில் அவற்றையல்லவா நிரப்பியிருப்பார்?

நிருபர்கள் நாங்கள் இன்று நடந்ததை 'நேற்று' என்று எழுதுகிறவர்கள். படிப்பவர் கைக்கு நாளைதான் போகும். இப்போது ஃபோனிலும் உடனுக்குடன் போட வேண்டும். நடப்பதை நின்று பார்க்க நேரமில்லை. இந்த அம்மாள் பத்தொன்பது வருடம், அத்தனை ஹாரன் சத்தத்தில், ஒரு சக்கரத்தையும் ஒரு கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதைவிடப் பெரிய தியானம் ஒன்றை நான் நேரில் கண்டதில்லை.

பிப்ரவரி 9

ஏன் அப்படி எழுதினீங்க என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபம்.

பிப்ரவரி 11

பேப்பரின் ஆசிரியர் பிரிவில் இருந்து சகாய பிரவீன் ஃபோனில்: "சார், நீங்க ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு. நேரம் விசாரணையில் உள்ளதுன்னு சின்னதா ஒரு ஃபாலோ-அப். போதும் சார்."

போதாது. அது பழியை இரண்டு பக்கமும் பங்கு வைக்கும். தவறு ஒரு பக்கம்தான். என் பெயரோடு திருத்தம் வேண்டும் என்றேன். என் செய்திகள் இரண்டு பழைய வழக்குகளில் ஆதாரமாக இருப்பதை நினைவுபடுத்தினார். அவற்றையும் தோண்டுவார்கள் என்றார். தோண்டட்டும். அவற்றில் எத்தனை பலகையைப் பார்த்து எழுதியது? — எனக்கே தெரிய வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். '6.05 என்பது நான் பார்த்ததும் அல்ல. பார்த்தவர் எவரும் எனக்குச் சொன்னதும் அல்ல.'

வெளியே கோகுலகிருஷ்ணன். "இன்னா சார், உங்க பேப்பர நீங்களே கிழிச்சிக்கினீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

திருத்தம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. நான்கு வரி. நறுக்கை ஆதாரத்திலிருந்து எடுத்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் ஃபோனில் சொன்னார். கலையரசி இடத்துக்கு வந்த புது ஆள் குறித்த நேரத்தை ஒத்துக்கொள்ளாமல் இரண்டு கண்டக்டர்கள் பஸ் நிலையத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். கலையரசியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "பாவம் அந்த ஆளு" என்றார். சாயங்காலம் செல்வகுமாரைப் பார்க்க முண்டியம்பாக்கம் போகிறாராம். நானும் வருகிறேன் என்றேன்.

பஸ் கிளம்பிய நேரத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் பதிவு இன்னும் வரவில்லை. 24, செவ்வாய் கிடைக்கும் என்கிறார் இன்ஸ்பெக்டர். கலையரசிக்குத் திரும்ப வேலை உண்டா என்பதை முதலாளிகள் 25 அன்று கூடி முடிவு செய்கிறார்கள். அந்தப் பழைய வழக்குகளில் உள்ள என் செய்திகளைக் கேட்டு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. பதில் சொல்ல மார்ச் 2 வரை அவகாசம்.