நான்கு அடிக் குடலும் மயிலிட்டித் தராசும்

1967 மார்ச் 6, திங்கள்

காலையில் பனிமூட்டம்; எட்டு மணிக்குள் வெயில். சத்திரசிகிச்சையின் பின் ஐம்பத்திரண்டாம் நாள். மலம் ஏழு தடவை (முதல் வாரத்தில் பதினான்கு). நாக்கில் புண். தாகம் கடுமை. வெறும் தண்ணீர் குடித்தால் அரை மணியில் வெளியே. உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் தங்குகிறது. ஏன்? அறியேன். அறிய வேண்டும்.

பிற்பகல் அண்ணை வந்தார். நான் உறங்குவதாக எண்ணிக் குசினி அடுப்படியில் மனைவி சரசுவோடு கதைத்தது சுவரைத் தாண்டி வந்தது. முறுக்கி அழுகியதை வெட்டியபின் எனக்கு மிஞ்சிய சிறுகுடல் நான்கு அடியாம். வருஷம் தாண்ட மாட்டேனாம். வைத்தியன் அண்ணையிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொன்னது: "கொஞ்சம் எடுத்தனாங்கள், சேர்."

சிறுகுடல் இருபது அடி என்று அவனுக்கு விலங்கியல் வகுப்பில் கற்பித்தவன் நான். குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் சடைமுளைகளின் படத்தை மூன்று முறை திருப்பிக் கீறச் செய்தவனும் நான். என் குடலின் நீளம் என் மனைவிக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியும்; எனக்கு மட்டும் தெரியாது.

அண்ணையின் அடுத்த வாக்கியம் இன்னும் தெளிவு: "உவன் கண்ணை மூடினால் ஒரு வருஷத்துக்கு வீட்டிலை நல்ல காரியம் ஏலாது. வைகாசியிலையே முடிச்சுவிடுவம்."

மகள் வசந்தியின் கல்யாணம் வருகிற தைக்கு என்று நிச்சயித்தது. அதற்குள் சர்வகலாசாலை இறுதிப் பரீட்சை முடிந்துவிடும். மணமானதும் மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு அழைத்துப் போவார். வைகாசியில் என்றால் பட்டம் இல்லை. என் சாவுக்கு முந்திக்கொள்வதற்காக என் மகளின் மூன்று வருடப் படிப்பு பலி.

மார்ச் 7, செவ்வாய்

அண்ணையை அழைப்பித்தேன். குரல் உயர்த்தவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: முப்பதாம் திகதி என் நிறை தொண்ணூற்றாறு இறாத்தல் (ஆஸ்பத்திரியை விட்டபோது இருந்ததிலும் நான்கு கூட) இருந்தால் கல்யாணம் தையில், குறைந்தால் வைகாசியில். சாகிற உடம்பு நிறை ஏறாது.

அண்ணை முப்பது வருடம் ரயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து, கோச்சி வரும் நேரங்களை ஏட்டில் பதிந்தவர். எண்ணுக்குக் கட்டுப்படுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, தம்பி" என்றார்.

மார்ச் 8, புதன்

வாடகைக் காரில் மயிலிட்டி மீன்பிடித் துறைக்கு. ஆளை நிறுக்கக்கூடிய தராசு அருகில் அங்கேதான். மீன் ஏலம் முடியும்வரை காத்திருந்தேன். தராசுக்காரன் சூசை கொக்கியில் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டி என்னை இருத்தினான்.

"மாஸ்ரர், உங்களுக்கு முன்னம் தொங்கின சுறா நூற்றிப் பத்து."

நான் தொண்ணூற்றிரண்டு. நோய்க்கு முன் நூற்று முப்பத்தெட்டு.

மார்ச் 11, சனி

பழைய உடற்றொழிலியல் நூலைத் தேடி எடுத்தேன். குடலை வெட்டிய விலங்குகளில் மிஞ்சிய பகுதி தடிக்கிறது, விரிகிறது, சடைமுளைகள் உயர்கின்றன. ஆனால் உணவு அதன் வழியே போனால்தான். பட்டினி கிடக்கும் குடல் வளராது. வியப்பு. ஐம்பத்து நான்கு வயதில் என் வயிற்றினுள் ஏதோ ஒன்று முளைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே ஒழுங்கு: சிறிது சிறிதாக ஆறு வேளை. கஞ்சி, அவித்த மீன், வாழைப்பழம், உப்பு. பால் இல்லை, எண்ணெய் இல்லை. சிறுகுடலின் கடைப்பகுதியான சுருட்குடல் போனபின், கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்பை மீட்க இடமில்லை. கொழுப்பு அப்படியே வெளியேறும், மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு. சரசுவிடம் எழுதிக் கொடுத்தேன்.

பார்க்க வந்தோர் மூவர். கொண்டுவந்தவை: தோடம்பழம், பால்மா டின், அனுதாபம்.

மார்ச் 15, புதன்

மயிலிட்டி. தொண்ணூற்றொன்று. ஒரு இறாத்தல் குறைவு. சூசை முள்ளை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கைதாங்கி இறக்கினான். அது கேலியிலும் மோசம்.

மலம் மிதக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம். நான் எண்ணெய் உண்ணவில்லையே. பின் எங்கிருந்து? குடல் தோற்கிறதா? அண்ணை சொன்னது சரியா?

மார்ச் 16, வியாழன்

பயத்தை ஒதுக்கினேன். சோதனை. எட்டாம் வகுப்பில் செய்விப்பது: கஞ்சியில் ஒரு துளியை மை ஒற்றும் தாளில் விட்டு, வெயிலில் உலர்த்தி, யன்னலில் பிடித்தல்.

ஒளி ஊடுருவும் புள்ளி. எண்ணெய். மூன்று வேளைக் கஞ்சி, மூன்று புள்ளிகள்.

குடலன்று. குசினி.

தாளைச் சரசுவின் முன் வைத்தேன். ஒப்புக்கொண்டாள். நல்லெண்ணெய், வேளைக்கு ஒரு கரண்டி. உடம்பு தேற முட்டைக் கோப்பிதான் தர நினைத்தாளாம். நிறம் காட்டிக்கொடுக்கும் என்று எண்ணெயாம்.

நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"சாகப்போற மனிசனுக்கு வெறுங்கஞ்சி ஊத்தினவள் எண்டு நாளைக்கு என்ரை நெஞ்சே கேக்குமெல்லோ."

அவளும் நம்பியிருக்கிறாள். ஐம்பது நாட்களாக எனக்குக் கஞ்சி காய்ச்சியவள் ஒரு விதவை. கோபம் குளிர்ந்து கட்டியாயிற்று. மூன்று புள்ளிகளும் எவ்விதம் வந்தன என்பதை அவளுக்கு விளக்கினேன், வகுப்பில் விளக்குவதுபோல். பாதியில் அவள் கேட்டாள்: "அப்ப, நிறையை நான்தான் இறக்கிப்போட்டனோ?" தாளை மடித்துக்கொண்டு எழுந்தேன். ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 20, திங்கள்

மலம் நான்கு. மிதக்கவில்லை. நாக்குப் புண் ஆறுகிறது. சோதனைக்காகக் காலை உண்ட கெக்கரிக்காய்த் துண்டு முன்பு மூன்று மணி நேரத்தில் வெளிவந்தது. இன்று ஐந்து மணி பத்து நிமிடம். உணவு தங்கப் பழகுகிறது. யாரும் கற்பிக்காமல்.

மார்ச் 22, புதன்

தொண்ணூற்றுமூன்று. சூசை: "தீன் பிடிக்குது, மாஸ்ரர்."

மார்ச் 30, வியாழன்

கடும் வெயில், காற்றில்லை. அண்ணையும் உடன் வந்தார். சூசை பலகையைக் கட்டினான். சால்வையையும் செருப்பையும் கழற்றி வைத்தேன்.

தொண்ணூற்றைந்தரை.

மூவரும் முள்ளைப் பார்த்தோம். விஷயம் சூசைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "அரை இறாத்தல்தானே, மாஸ்ரர். என்ரை சுண்டுவிரல் பட்டால் காணும்." வேண்டாம் என்றேன். அரை இறாத்தல் குறைவு; நிபந்தனை என்னுடையது. அண்ணையிடம் அதையே சொன்னேன்.

அண்ணை என் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார். மூத்தவர் செய்யக்கூடாத காரியம்.

"பிந்தி வந்த கோச்சியையும் வந்ததெண்டுதான் நான் எழுதினனான். இறங்கு, தம்பி. தையிலை வைப்பம்."

அவரை மன்னித்தேன் என்று எழுத முடியவில்லை. வைத்தியனையும்.

வசந்திக்குக் கடிதம்: படி. குடலைப் பற்றி முழுவதும் எழுதினேன், அடிக்கணக்கு உட்பட.

நான்கு மணிக் கஞ்சி. சரசு கோப்பையின் பக்கத்தில் மை ஒற்றும் தாளில் ஒரு துண்டை வைத்தாள். தானே துளி விட்டு உலர்த்தியது. யன்னலில் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. அவள் போகாமல் நின்றாள். குடித்தேன்.