குறை எழுதக் கூடாது

பெஹாலா, கொல்கத்தா
24.9.2023

திரு. பன்னீர்செல்வம் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குடும்ப நீதிமன்றத்துக் கவுன்சிலர் மேடம் சொன்னபடி முதல் கடிதம் என் முறை. அவர் போட்ட நிபந்தனைகளை நீங்கள் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் மறுபடி எழுதுகிறேன். விவாகரத்துக்கான கடைசிக் கையெழுத்து நவம்பர் 28-ஆம் தேதி. அதுவரைக்கும் நமக்குள் போன் கிடையாது. கைப்பட எழுதிய கடிதம் மட்டும். அன்றாடம் மனசுக்குப் பிடித்ததாகக் கண்ணில் படுகிறவற்றை எழுத வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் ஒரு வரிகூடக் குறை எழுதக் கூடாது. (நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள் என்று எழுதியது குறை அல்ல, தகவல்.)

வங்கியில் பதவி உயர்வு வந்து நான் இங்கே கிளம்பிய அன்று, "வேலையை விட முடியாதுன்னா அப்படியே போயிடு" என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அப்படியே வந்துவிட்டேன். பதினெட்டு மாதம் ஆகிறது. இந்த நாலு வரியையும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். படிக்க முடிந்தாலும் படிக்காதீர்கள்.

இனி பிடித்தவை. நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு பவளமல்லி மரம் இருக்கிறது. இங்கே சியூலி என்கிறார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போது படியெல்லாம் பூ. முதல் நாள் எதையும் மிதிக்காமல் இறங்கப் பார்த்து பஸ்ஸை விட்டேன். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்கப் பழகிவிட்டது.

மழை ஓய்ந்து வானம் நீலமாகிவிட்டது. எங்கள் கிளை இருக்கும் கிடர்பூரில் நாள் முழுக்க துறைமுகத்து லாரிகள் புகை விடும். அந்தப் புகைக்கு நடுவிலும் நீலமாகத்தான் தெரிகிறது.

துர்கா பூஜைக்காகத் தெருவை அடைத்து மூங்கில் கட்டுகிறார்கள். ஒரு மூங்கிலை என் பால்கனிக் கம்பியோடு சேர்த்துக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் வந்து அனுமதி கேட்டார்கள். துணி காயப்போட இடம் போயிற்றே என்று சண்டைக்குத் தயாராகப் போனேன். கட்டுகிறவர் மூங்கிலைத் தட்டிக் காட்டி, "திதி, இதுலயே காயப்போடுங்க, உங்க கொடியைவிட நீளம்" என்றார். (திதி என்றால் அக்கா.) உண்மையிலேயே நீளம்தான். என் புடவைகள் இப்போது அம்மன் பந்தலில் காய்கின்றன.

இப்படிக்கு,
மகேஸ்வரி


திருவெறும்பூர், திருச்சி
3.10.2023

மகேஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். சுபிக்ஷா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள். பரீட்சை முடிந்துவிட்டது.

பிடித்தவை:
ஒன்று. மாடியில் நித்தியமல்லி நன்றாகப் பூத்திருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.
இரண்டு. காற்று நன்றாக வருகிறது.
மூன்று. தொழிற்சாலையில் கேன்டீன் சாம்பார் பரவாயில்லை.

வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பன்னீர்செல்வம்


பெஹாலா
14.10.2023

சுபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வங்கியில் என் அறையில் உட்கார்ந்து படித்தேன். முதல் பத்தியைத் தாண்டியதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அந்த நித்தியமல்லித் தொட்டியை நான் கிளம்பிய அன்றே எதிர்வீட்டு கிருஷ்ணம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பதினெட்டு மாதமாக உங்கள் மாடியில் தொட்டியே கிடையாது. நீங்கள் தினமும் எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. இது குறை அல்ல. இந்த வாரம் என்னை இவ்வளவு சிரிக்க வைத்தது வேறு எதுவும் இல்லை, ஆகவே கணக்கில் சேர்த்தி.

இன்று மகாளயம். நம் பக்கத்தில் முன்னோர்களுக்கான நாள். இங்கே அதோடு துர்க்கை பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் நாளும் இதுதான். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவை மாஷிமா என்று கூப்பிடுகிறேன். விடியும்போதே டீயோடு மேலே வந்து, "பிள்ளைங்களோட அம்மா வீட்டுக்கு வருவா, நாலு நாள் இருப்பா, ஒழுங்கா புருஷன்கிட்ட திரும்பிடுவா" என்று கதை சொன்னார். சொல்லும்போது என் முகத்தையே ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் தாராதலா பக்கம் வரும்போது ஏழிலைப்பாலை வாசனை வருகிறது. கொத்துக்கொத்தாகப் பச்சை வெள்ளையில் பூக்கும் பெரிய மரம். பஸ்ஸில் உடனே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சி மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டும். இன்னொரு கட்சி தலைவலி என்று கைக்குட்டையை எடுக்கும். நான் முதல் கட்சி. நேற்று என் ஜன்னலை மூடச் சொன்ன பெரியவரோடு தாராதலாவிலிருந்து பெஹாலா வரைக்கும் வங்காளியில் வாதாடினேன். இறங்கும்போது, "உங்க வங்காளி ரொம்ப மோசம், ஆனா விட்டுக்கொடுக்காம பேசுறீங்க" என்றார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ராத்திரியில் வெக்கை தணிந்து, மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்துவிட்டேன். பூஜைக்குப் புதுப்புடவை எத்தனை என்று கிளையில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று கேள்விப்பட்ட மாதிரி இரண்டு பெண்கள் பதறி, அன்று மாலையே கடைக்கு இழுத்துப் போனார்கள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. எனக்கு எடுப்பாக இருக்கிறதாம். இருக்கத்தான் இருக்கிறது.

உங்கள் அடுத்த கடிதத்தில் உண்மையான பூ ஒன்றாவது இருக்கட்டும்.

அன்புடன்,
மகேஸ்வரி


திருவெறும்பூர்
22.10.2023

அன்புள்ள மகேசுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். மூன்றும் நானாக இட்டுக்கட்டி எழுதியதுதான். சாம்பாரும் பரவாயில்லை என்று சொல்லும்படி இல்லை.

இருபத்தாறு வருஷமாக வெல்டிங்கின் எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்தில் பிடித்து எங்கே விரிசல் என்று பார்க்கிற வேலை. நன்றாக இருக்கிற இடத்தைக் கண் தாண்டிப் போய்விடும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று பழகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தது. எதிர்வீட்டுக்குப் போனேன். கிருஷ்ணம்மாள் அக்கா கதவைத் திறந்து, "இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி?" என்றார். உட்காரவைத்து டீ கொடுத்தார். செடி நிஜமாகவே பூத்திருக்கிறது. நாற்பத்தொரு பூ எண்ணினேன். இது பொய் இல்லை, அக்காவையே கேட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கவனிக்கிறேன். காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவர்கள் லெவல் கிராசிங்கில் நிற்கும்போது ஒருவர் தோளில் ஒருவர் கையை ஊன்றிக்கொண்டு காலைக் கீழே வைக்காமல் நிற்கிறார்கள். இத்தனை வருஷம் அவர்களோடுதான் நின்றிருக்கிறேன். தபால்காரர் பெயர் திருவேங்கடம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் தூரத்திலேயே மணி அடிக்கிறார். பிடித்தது எது என்று மேடம் கேட்டால் உண்மையான பதில் அந்த மணிச் சத்தம்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் இரண்டு கடிதத்தையும் பல தடவை படித்துவிட்டேன். அதில் இருக்கிறவளை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வாதாடுகிறாள், பூவை மிதிக்காமல் இறங்குகிறாள், சிரிக்கிறாள். பத்தொன்பது வருஷம் என்னோடு இருந்தவள் இப்படி இருந்ததில்லை. இருக்க நான் விடவில்லை போலிருக்கிறது. மே மாதம் மனு போட்டபோது கோபத்தில் போட்டேன். இப்போது கோபம் இல்லை. நீ அங்கே நன்றாக இருக்கிறாய். நான் இல்லாமல் நன்றாக இருக்கிறாய். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

28-ஆம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீ சங்கடப்பட வேண்டாம்.

அன்புடன்,
பன்னீர்


பெஹாலா
1.11.2023

சுபி அப்பாவுக்கு,

கவுன்சிலர் மேடத்தின் நிபந்தனையை இந்தக் கடிதத்தில் மீறப்போகிறேன். வேண்டுமானால் இதை அவரிடமே காட்டுங்கள்.

நான் எழுதிய சந்தோஷம் ஒன்றுகூடப் பொய் இல்லை. இந்த ஊரில் இந்த மாதத்தில் வெயில் சாய்வாக விழுகிறது, வங்கிக்கு வருகிறவர்கள்கூடச் சண்டை போடாமல் போகிறார்கள். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. ராஜினாமா செய்துவிட்டு வர மாட்டேன். ஆனால் பிடித்ததை மட்டும் எழுது என்று சொன்னதால் பிடித்ததை மட்டும் எழுதினேன். அதை முழுக் கதையாக எடுத்துக்கொண்டு முடிவு எடுக்கலாமா? இருபத்தாறு வருஷம் பிலிம் பார்த்தவருக்கு இதுகூடத் தோன்றவில்லையா?

ஆகவே விட்டுப்போனதை எழுதுகிறேன். பூஜையின் நாலு நாளும் எனக்குக் காய்ச்சல். மயில் கழுத்துப் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது. அஷ்டமி அன்று தெருவே உடுத்திக்கொண்டு கிளம்ப, நான் போர்வையோடு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேளத்தைக் கேட்டேன். மாஷிமா கிச்சடி கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அதுவும் சந்தோஷம்தான். ஆனால் உப்பு இல்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் என்றால் சொல்லியிருப்பேன். கரண்டியால் தட்டையும் தட்டியிருப்பேன்.

வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர். மேற்குப் பக்கத்து ஜன்னல் மழையில் மரம் உப்பி மூட மாட்டேன் என்கிறது. இங்கத்து அரிசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிளையில் ஒருவர் லீவு கேட்காமலே லீவு எடுக்கிறார். நாள் முழுக்க இவற்றைச் சுமந்துகொண்டு வந்து கதவைத் திறந்தால், சொல்ல ஆள் இல்லை. நல்லதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. குறை சொல்ல எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பேப்பரை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு "ம்" என்பார். அந்த "ம்" கேட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இது. நான் கிளம்பியபோது நீங்கள் தடுத்தது எனக்குப் பெரிதில்லை. இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனையாவது மாடி, நான் எங்கே தூங்குகிறேன் என்று இத்தனை மாதத்தில் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. கோபமாக வந்து கத்திவிட்டுப் போயிருந்தாலும் சரி என்றிருப்பேன். நீங்கள் வரவே இல்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நான் நன்றாக இருக்கிறேன் என்பதற்காகப் போடாதீர்கள்.

மகேசு


திருவெறும்பூர்
7.11.2023

மகேசு,

குறைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. திருவேங்கடம் நீட்டிய உறை கனமாக இருந்ததால் வாசலிலேயே நின்று படித்துவிட்டேன். இரண்டு முறை. அவர் நகராமல் நின்று, "நல்ல சேதியா சார்?" என்றார். "திட்டி எழுதியிருக்கா" என்றேன். "அப்போ நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

வக்கீலைப் பார்த்து மனுவைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் அங்கிருந்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ராஜினாமா பேச்சை இனி எடுக்க மாட்டேன். அந்த மூன்று வருஷப் போஸ்டிங்கில் உனக்கு அங்கே இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. இருந்து முடி. எனக்குச் சேர்ந்து கிடக்கும் லீவை நான் அங்கே வந்து கழிக்கிறேன்.

சுபிக்ஷாவிடம் சொன்னேன். "இதுக்கா ரெண்டு பேரும் ஒன்றரை வருஷம் எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. நான் யாரிடமும் குறை சொல்லிப் பழகாதவன், எழுத வரவில்லை, பொறுத்துக்கொள். நீ கிளம்பிய அன்று ரயில் ஜன்னலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில், மாத்திரை, கேஸ் புக்கிங் நம்பர் எல்லாம் சொன்னாய். "நீங்களும் வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. நான் பிளாட்பாரத்தில் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அப்படியே போயிடு என்று சொன்ன வாய்க்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஹவுரா வண்டியில் டிக்கெட் கிடைத்துவிட்டது. ஞாயிறு தீபாவளி அன்று வந்து சேருவேன். பொன்னி அரிசி பத்து கிலோ எடுத்து வருகிறேன். ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், ஜன்னலுக்கு இழைப்புளியும் வைத்துக்கொண்டேன். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், ஒருவேளை இது உன் கைக்கு வரும் முன்னால் நான் வந்து கதவைத் தட்டினாலும் தட்டுவேன். எந்தத் தெரு என்று கவரின் பின்பக்கம் இருக்கிறது. எத்தனையாவது மாடி என்று நீ எழுதவே இல்லை. இது இரண்டாவது குறை. மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.

உன்,
பன்னீர்